அவன் போவான், அவளை அனுப்பணும்

மலேசியாவில், எங்கள் ஈப்போவில் ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்பது "பசியாறியாச்சா?" என்பதுதான். அவர் அப்போதுதான் பசியாறிவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தாலும் கேட்டே தீருவோம். தாம்பரம் பக்கம் வந்து இறங்கியதிலிருந்து என்னிடம் எல்லோரும் கேட்டது வேறொன்று. "தனியாவா வந்தீங்க?" டாக்சி ஓட்டுநர் கேட்டார். சிட்லபாக்கத்தில் நான் தங்கிய மாடி அறையின் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற பொறியாளர், கேட்டார். அவர் கேட்டது காதில் விழாதது போல அவர் மனைவி இன்னொரு தடவை கேட்டார். ஏரிக்கரையில் நடக்கப் போனேன், சேலைக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு வேகநடை போன ஓர் அம்மாள் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே அதையே கேட்டார். ஐம்பதைத் தாண்டிய மனுஷி தனியாக விமானம் ஏறினால் என்ன என்று வாய் வரை வந்தது. வந்த இடத்தில் வம்பு வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

வந்த காரியம் சின்னது. ஈப்போவில் தொழிற்சாலைப் பெண்களுக்கும் தோட்டப்புறத்து இளைஞர்களுக்கும் ஆண் பெண் சமத்துவம் பற்றி வகுப்பு நடத்தும் ஒரு சிறிய அமைப்பில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் நெடுங்காலம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. தாம்பரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் பாலினவியல் முதுகலை படிக்கும் மாணவர்களில் ஒருவர் ஆறு மாதம் எங்களோடு வந்து தங்கி வேலை செய்யலாம் என்று ஏற்பாடு. வருவது ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாள் இரவு வீட்டுக்கார அம்மாள் அடை வார்த்துப் போட்டார். கூடவே வெல்லமும் வெண்ணெயும். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு ஈடு இணை கிடையாது என்று இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்த வாயை அந்த அடை அடைத்துவிட்டது. காப்பி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. டபராவில் ஆற்றி ஆற்றி அவர் தந்தது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான்கு மடக்கில் தீர்ந்துவிட்டது. எங்கள் வெள்ளைக் காப்பி ஒரு கோப்பை இருந்தால் ஒரு குடும்பச் சண்டையையே பேசி முடிக்கலாம்.

திங்கட்கிழமை காலை தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினேன். அடுத்த நிலையம் தாம்பரம். ஒரே ஒரு நிலையம், இதில் என்ன தவறு நடந்துவிடப் போகிறது என்ற மிதப்பில் பெண்கள் பெட்டியின் உள்ளே போய் நின்றேன். தாம்பரம் வந்தது. நான் வாசலை நோக்கி நகர்வதற்குள் ஏறுகிறவர்கள் என்னைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். ரயில் கிளம்பிவிட்டது.

மல்லிப்பூக் கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா நீ, எறங்கறவ முன்னாடியே வாசலாண்ட வந்து நின்னுக்க வேணாவா? இங்க யாரு உன்ன கையப் புட்ச்சி எறக்கி வுடுவாங்க?"

"ஊருக்குப் புதுசும்மா" என்றேன்.

"சரி, பேஜார் ஆவாத. பெருங்களத்தூர்ல எறங்கிக்க. அந்தாண்ட பக்கம் வர வண்டில ஏறினா தாம்பரம் தான். தனியாவா வந்துகினு கீற?"

இவருமா என்று சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர் ரயிலிலும் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. அதில் எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஊமையாக வருவார்கள். இங்கே பெருங்களத்தூர் வருவதற்குள் பூக்காரம்மாவுக்கு என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரை தெரிந்துவிட்டது.

ஒரு வழியாகக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே கிஷோர் நின்றிருந்தான். வகுப்புப் பிரதிநிதி, குரோம்பேட்டைப் பையன், கலகலப்பானவன். நான் கொடுப்பதற்கு முன்பே என் கைப்பையை வாங்கிக்கொண்டான். உள்ளே பேராசிரியர் வசந்தா காத்திருந்தார். அந்தத் துறையைச் சண்டை போட்டுத் தொடங்கி நடத்திக்கொண்டிருப்பவர் அவர்தான்.

வகுப்பைப் பார்த்து அசந்துபோனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆண்மை என்பது பிறப்பில் வருவதில்லை, சமூகம் தைத்துப் போடும் சட்டை என்று ஒரு பையன் அடுக்கிக்கொண்டே போனான். வீட்டு வேலைக்கு ஏன் கூலி இல்லை என்று ஒரு பெண் கேட்டாள், பதிலையும் அவளே சொன்னாள். எங்கள் ஊர் இளைஞர்களுக்கு இதையெல்லாம் புரிய வைக்க நான் தொண்டை வற்றக் கத்த வேண்டும். நடுவில் தேநீர் வந்தது. யாரும் சொல்லாமலே பெண்கள் எழுந்து ஊற்றிக் கொடுத்தார்கள். எங்கள் அலுவலகத்திலும் கலக்குவது யார் என்று நினைத்துப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

மதியம் கேன்டீனில் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். கிஷோரும் ரம்யா என்ற பெண்ணும் என் எதிரே உட்கார்ந்து தங்கள் களப்பணி பற்றிச் சொன்னார்கள்.

"நான் எண்ணூர் வரைக்கும் போனேன் மேடம். ரம்யாவ வீட்ல அனுப்பல, அதனால அவ லைப்ரரி ரிசர்ச்" என்றான் கிஷோர்.

"எங்க கிளாஸ் தாரணிய ஃபீல்டுக்கு விடறாங்க. அவ வீட்ல எப்படி அனுப்புறாங்கன்னே தெரியல" என்றாள் ரம்யா.

எழுவாய் பயனிலை நடத்திய பழக்கம் லேசில் போகாது. "உன்ன யாருப்பா அனுப்புனா?" என்று கிஷோரைக் கேட்டேன்.

"என்ன யாரு மேடம் அனுப்பணும்? வண்டி இருக்கு, போவேன்."

"அதைத்தான் கேக்கறேன். பையன் போறான். பொண்ண அனுப்பறாங்க. பையன் எழுவாய். பொண்ணு செயப்படுபொருள். நீங்க ரெண்டு பேரும் பேசினதுல ஒரு பொண்ணு கூடத் தானா கால எடுத்து வைக்கலயே?"

கிஷோர் மேசையைத் தட்டினான். "செம பாயின்ட் மேடம்." ரம்யா உடனே கைப்பேசியில் அதைக் குறித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அது அவர்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போய்விட்டது, கீழே என் பெயர் போட்டு. எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாளிடம் கூடச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நேர்காணல். ஒளிவு மறைவு வேண்டாம் என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் வைத்தார் வசந்தா. வர விரும்பியவர்கள் இரண்டே பேர், கிஷோரும் தாரணியும்.

கிஷோர் நன்றாகவே பேசினான். எண்ணூரில் எடுத்த படங்களைக் காட்டினான். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் இருந்தது. முடிவில், "ஈப்போவுல நெனச்ச நேரம் மழை வரும், குடை வச்சிருக்கியா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

தாரணி தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். படப்பையிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறவள். ஒரு காலத்தில் விவசாயக் குடும்பம், இப்போது அப்பா மெயின் ரோட்டில் பெயின்ட், பைப்பு விற்கும் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களைப் பற்றி அவள் ஆய்வு செய்திருந்தாள்.

"மொத ரெண்டு வாரம் யாரும் என்கிட்ட பேசல மேடம்" என்றாள். "அப்புறம் தான் புரிஞ்சுது. அவங்களுக்கு வீட்லயும் தூக்கம் இல்ல, ஷிப்ட்லயும் இல்ல. அந்த பஸ்ல தான் தூங்குறாங்க. நான் அந்த நேரத்துல போய்க் கேள்வி கேட்டுட்டு இருந்திருக்கேன். அதனால கேக்கறத விட்டுட்டேன். பக்கத்துல உக்காந்து நானும் தூங்கினேன். அதுக்கப்புறம் அவங்களே பேசினாங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஊரிலும் இப்படித்தான் தொழிற்சாலை பஸ்கள் விடியலில் போகும். அந்தப் பெண்களிடம் இருபது பக்கக் கேள்விகளை நீட்டிய நாங்கள் எவரும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கியதில்லை. இந்தப் பெண்தான் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டேன். சந்தோஷத்தில் நாக்கு தன் பாட்டுக்கு ஓடியது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. வீட்ல அனுப்புவாங்களா?"

தாரணி தலைக்கவசத்தை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள். "நான் பாத்துக்கறேன் மேடம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைக்கவில்லை. வசந்தாவுக்கு உறைக்கவில்லை. முந்தின நாள் என் வாசகத்தைக் குழுவில் போட்டுக் கைதட்டல் படம் அனுப்பிய பிள்ளைகள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாலையில் சானடோரியம் நிலையத்தில் இறங்கிச் சிட்லபாக்கம் நோக்கி நடந்துகொண்டிருந்தபோதுதான் திடுக்கென்றது. ஒரு சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டும் வரை தெருவிலேயே நின்றிருந்தேன். கிஷோரிடம் குடை இருக்கிறதா என்று கேட்டேன். இவளிடம் அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். பரவாயில்லை, வார்த்தைதானே, நாளைக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன். அதற்குள் அந்த வார்த்தை வகுப்புப் பிள்ளைகளிடம் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது எனக்குத் தெரியாது.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. தாரணியைத் தேர்ந்தெடுத்ததை வசந்தாவிடம் சொல்லியாயிற்று, சனிக்கிழமை பெயரை ஈப்போவுக்கு எழுதி அனுப்ப வேண்டும், அதுவரை ஊர் சுற்றலாம். குரோம்பேட்டைக்குப் போய்த் தோழிகளுக்குச் சேலை எடுத்தேன். கடைக்காரப் பையன் பிரித்துப் போட்ட சேலைகளின் மலையைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. அதைவிடப் பெரிய காரியம் ஜிஎஸ்டி ரோட்டைக் கடப்பது. எங்கள் ஊரில் நடப்பவரைப் பார்த்தால் கார் வேகத்தைக் குறைக்கும். இங்கே நம்மைப் பார்த்ததும் ஹாரனை அழுத்துகிறார்கள், மற்றது நம் பாடு. ஒரு கல்லூரிப் பெண்கள் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடி, எதிர்ப்பக்கத்துப் பழரசக் கடையில் சாத்துக்குடி ஜூஸ் வாங்கி உட்கார்ந்தபோது கிஷோர் கூப்பிட்டான்.

"மேடம், ஒரு குட் நியூஸ். தாரணி மேட்டர் முடிச்சாச்சு."

"என்னப்பா முடிச்சே?"

"நேத்து நீங்க வீட்ல அனுப்புவாங்களான்னு கேட்டீங்கல்ல, அவ மூஞ்சியே மாறிடுச்சு மேடம். குரூப்ல பேசினோம். பாவம், அவளால வீட்ல பேச முடியாது, நாம தான் நிக்கணும்னு. இன்னிக்கு நாலு பேரு ரெண்டு வண்டில படப்பை போயிட்டோம். அவங்க பெரியப்பா இருந்தாரு, அப்புறம் அப்பாவும் கடையில இருந்து வந்துட்டாரு. பெண் கல்வி, பெண்ணோட சுயமுடிவு எல்லாம் தெளிவா எடுத்துச் சொன்னோம். நல்லா கேட்டுக்கிட்டாங்க. கூல்டிரிங்க்ஸ் எல்லாம் குடுத்தாங்க."

"தாரணி கூட இருந்தாளா?"

"இல்ல மேடம், அவ காலேஜ்ல இருந்தா. அவளுக்கு இது சர்ப்ரைஸ்."

ஜூஸ் அப்படியே இருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். கிஷோர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், குரலில் அத்தனை மகிழ்ச்சி. வஞ்சகம் ஒரு துளி இல்லை அவனிடம். இருந்திருந்தால் திட்டியாவது இருக்கலாம். தாரணியைக் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் கல்லூரிக்கு வரவில்லை. ரம்யாவிடம் கேட்டேன்.

"அவ போன் எடுக்க மாட்டேங்கிறா மேடம். வீட்ல பிரச்சனை போல."

"அவள ஒரு வார்த்த கேக்காம இவங்க எப்படிம்மா போனாங்க? நீங்க யாரும் தடுக்கலயா?"

"நாங்கதான் மேடம் பசங்கள போகச் சொன்னோம்" என்றாள் ரம்யா, வெகு இயல்பாக. "நாங்க போனா, வாங்கம்மா சாப்பிடுங்கம்மான்னு சொல்லி அனுப்பிடுவாங்க. ஜென்ட்ஸ் பேசினா ஒரு வெயிட்டு இருக்கும்ல?"

சுற்றியிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். கட்டுரையில் எழுதச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் இதே வாக்கியத்தை வெட்டிக் கூறு போட்டு முழு மதிப்பெண் வாங்குவார்கள். எனக்கு அவர்களைக் கோபிக்க மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை எல்லோர் முன்னாலும் அந்தக் கேள்வியைக் கேட்டது யார்?

வசந்தா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் இவங்களுக்கு என்னத்த சொல்லிக் குடுத்தேன்னே தெரியல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சனிக்கிழமைக்குள்ள பேர் குடுக்கணும்ல? எதுக்கும் கிஷோர் பேர மனசுல வச்சுக்கோங்க. அவனுக்கு ஒரு சிக்கலும் இல்ல" என்றார். உண்மைதான். அவனுக்கு ஒரு சிக்கலும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. நானே படப்பைக்குப் போய் அவள் அப்பாவைப் பார்ப்பது. நான் பெண், வயதில் பெரியவள், வெளிநாட்டிலிருந்து வந்தவள், முன்னாள் ஆசிரியை வேறு. என்னை எடுத்தெறிந்து பேச மாட்டார். இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, அரை கிலோ மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன்.

முகப்பில் இளஞ்சிவப்புப் பூசிய பஸ், பெண்களுக்கு இலவசம். காசை நீட்டினேன், கண்டக்டர் வாங்க மறுத்துவிட்டார். "நான் வெளிநாடுங்க" என்றேன். "லேடீஸ் தானம்மா?" என்றார். இதற்கு மேல் விவாதிக்க முடியவில்லை. முடிச்சூர் தாண்டும் வரை கூட்டத்தில் ஒற்றைக்காலில் நின்றேன். மைசூர்பாகு நசுங்கியது. அப்போது தாரணி கூப்பிட்டாள்.

"மேடம், மிஸ்டு கால் பாத்தேன். சாரி. எங்க இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு."

"படப்பை பஸ்ல இருக்கேம்மா."

அவள் நிதானமாகச் சொன்னாள். "எந்த ஸ்டாப் வருது? மண்ணிவாக்கமா? அங்க எறங்கிடுங்க மேடம். நான் வரேன்."

இறங்கினேன். சாலையோரத்தில் ஒரு டீக்கடை. எங்கள் ஊர் தே தாரிக் தேநீர் போலவே மேலிருந்து கீழே ஆற்றினார் கடைக்காரர், ஆனால் யாரும் அதை நின்று வேடிக்கை பார்க்கவில்லை. வாழைக்காய் பஜ்ஜி சுடச்சுட இருந்தது. தின்னப் பிடிக்கவில்லை. தாரணி வந்து வண்டியை நிறுத்தினாள், தனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் அதே நிதானம்.

"அப்பா ஞாயித்துக்கிழம மத்தியானம் கடைய மூடிட்டு எங்க நெலத்துக்குப் போவாரு மேடம். போர்வெல் மோட்டார் பாக்க. நானும் வண்டில பின்னாடி உக்காந்து போவேன். சின்ன வயசுல இருந்தே. வீட்ல பேச முடியாததெல்லாம் அங்க தான் பேசுவோம். எம்.ஏ. படிக்கறேன்னு அங்க தான் சொன்னேன். விடிகாலையில கம்பெனி பஸ்ல போறேன்னு அங்க தான் சொன்னேன். 'சரி போ, போன ஆஃப் பண்ணாத'ன்னாரு. பாஸ்போர்ட்டு கூட அப்பாவும் நானும் தான் போய் எடுத்தோம்."

"அப்ப மலேசியா..."

"இந்த ஞாயித்துக்கிழம சொல்லலாம்னு இருந்தேன். கேக்கறதுக்கு இல்ல மேடம், சொல்றதுக்கு. அவர் ரெண்டு நிமிஷம் பேசாம இருப்பாரு, அப்புறம் எத்தன மாசம்னு கேப்பாரு. எனக்குத் தெரியும் அவர."

டீ வந்தது. ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"கிஷோர் என்ன சொல்லிட்டு வந்திருக்கான் தெரியுமா? 'அங்கிள், நீங்க அனுப்புங்க, தாரணிக்கு நாங்க கேரன்டி.' அவங்க கெளம்பினதும் பெரியப்பா புடிச்சிக்கிட்டாரு. கேரன்டி குடுக்க அவனுங்க யாரு, நம்ம பொண்ணுக்கு அவனுங்க என்ன வேணும்னு. தெருவுல எல்லாரும் பாத்தாங்க. அப்பா கடையில இருந்து ஓடி வந்தா, அவர் பொண்ணு வெளிநாடு போறத நாலு பசங்க அவர் அண்ணன் முன்னாடி அவருக்குச் சொல்றாங்க. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. என்னத் திட்டவே இல்ல மேடம். பேசறதத்தான் நிறுத்திட்டாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது, அதில் தொடங்கியதுதான் எல்லாம், மன்னித்துக்கொள் என்றேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "எல்லாரும் கேக்கறது தானே மேடம்" என்றாள்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். கையிலிருந்த மைசூர்பாகுப் பெட்டியைக் காட்டி, "இப்பவே உன் வண்டியில வரேம்மா. அப்பாகிட்ட நான் பேசறேன். நான் சொன்னா கேப்பாரு" என்றேன்.

தாரணி இல்லை என்று தலையசைத்தாள். "அந்த நாலு பேரோட அஞ்சாவது ஆளா நீங்களும் வேணாம் மேடம்."

டீக்குக் காசு கொடுக்கப் போனேன், அவள் முந்திக்கொண்டாள். கிஷோர் பெயரையே கொடுத்துவிடுங்கள், அவனும் நன்றாகச் செய்வான் என்றாள். நன்றாகத்தான் செய்வான். ஆனால் விடியற்காலை பஸ்ஸில் எங்கள் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவனால் தூங்க முடியாது, அதற்கு அவள்தான் வேண்டும். அதை அவளிடம் சொன்னேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு படப்பைப் பக்கம் போய்விட்டாள். எதிர்த்திசை பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றேன்.

சனிக்கிழமை கிஷோரின் பெயரை எழுதி அனுப்பினேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தான், தடுத்துவிட்டேன். அவனுக்கு என்ன நடந்தது என்று விளக்கிச் சொன்னேன். "நல்லதுக்குத்தானே மேடம் போனோம்" என்றான், முகம் சுருங்க. "அவகிட்ட கேட்டியா?" என்றேன். "கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பா மேடம்" என்றான். அதைச் சொல்லும்போதும் அவனுக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டு, ஏறும் வாசல் அருகே உட்கார்ந்து தாரணியைக் கூப்பிட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் மேடம், நீங்க பசியாறியாச்சா என்று எங்கள் ஊர்ப் பாணியில் கேட்டாள், கொஞ்சம் சிரித்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"நெலத்துக்குப் போயிருக்காரு."

"நீ போகலயா?"

"வண்டிய எடுத்தாரு மேடம். நானும் எப்பவும் போல செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல போய் நின்னேன்." பின்னால் ஒரு குக்கர் விசில் அடித்து ஓயும் வரை காத்திருந்தாள். "'நீ இரு'ன்னாரு. புதன்கிழமைக்கு அப்புறம் அவர் என்கிட்ட பேசின மொத வார்த்த அதுதான்."